ஸ்கேன் அறை வாசலில் ஒரு மஞ்சள் கயிறு

இன்று காலை மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன். உள்பையின் தையலில் சிக்கிக் கிடந்த மஞ்சள் கயிறு வந்து விழுந்தது. அதில் கோத்த மஞ்சள் துண்டு காய்ந்து சுருங்கிவிட்டது. முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் போடும் முடிச்சு தானாக அவிழாது என்பது உனக்குத் தெரியும். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் நீதானே. முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. எனக்குக் கோபமும் போகவில்லை.

மழைக்காலம் முழுக்க எனக்கு இருமல். நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பதுளையில், உன்னை அழைத்துப்போன அதே இடத்துக்குத்தான் இன்று நானும் போக வேண்டியிருந்தது. கயிற்றைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அப்புத்தளைத் தோட்டப் பாடசாலையில் நாம் படிப்பித்த கடைசி வருடங்களில் உன் விரல்களை முதலில் கவனித்தவள் நான். ஜன்னல் வழியே பனிமூட்டம் வகுப்புக்குள் வரும் நாட்களில் அவை வெளுத்துப்போகும். வெண்கட்டித் தூள் என்றுதான் நினைத்தேன். நீ குழாயில் கழுவிவிட்டு வந்தாய், அப்போதும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் நீலம். உன் வீட்டுக்கு வந்தபோது அதைச் சொன்னேன். அந்த வீட்டின் சமையலும் சாமியறையும் உன் நாத்தனார் கையில் இருந்தன. பதில் சொன்னதும் அவள்தான்.

"அப்புத்தளைக் குளிருக்கு யாருக்குத்தான் வெரல் வெளுக்காது டீச்சர்? சுடுதண்ணியில கைய வச்சா சரியாப் போயிரும்."

பிறகு உன் முகத்துச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வாய் சிறுத்தது. சிரித்தால் உதடு விரியவில்லை. பிள்ளைகளின் தாய்மார், டீச்சருக்குப் பெருமை வந்துவிட்டது என்றார்கள். நீ அதையும் வேடிக்கையாக்கினாய். "எனக்கு எளமை திரும்புதுடி. ஒனக்கு வயித்தெரிச்சல்."

எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. பயம்.

ஓய்வு பெற்ற பின் ஒருவழியாக உன்னைப் பதுளைக்கு வரவழைத்து டாக்டரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுபவர். உன் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார். தோல் எழும்பவில்லை. ஸ்கிளிரோசிஸ் என்றார். உடம்பின் திசு தழும்புபோல் இறுகிப்போகும் நோய்.

"தோல் இறுகுறது கண்ணுக்குத் தெரியுது. நுரையீரல் இறுகினா வெளியில தெரியாது அம்மா. சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேணும். தொடக்கம் எண்டா மருந்தால மறிக்கலாம். சுணங்க வேண்டாம்."

நாளும் நேரமும் நான்தான் வாங்கினேன். நெஞ்சுப் படம் என்றால் கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது, இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தாலிக்கொடியைக் கழற்ற நீ தயங்குவாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே புதுக்கயிறு வாங்கி, மஞ்சள் அரைத்துப் பூசி, துண்டு மஞ்சள் கட்டி எடுத்து வந்தேன். கழுத்து ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்க வேண்டாம். முதலில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பிறகு கொடியைக் கழற்றலாம். எல்லோரும் செய்வதுதான்.

நீ நாத்தனாரோடு வந்திருந்தாய். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். உன் விரல்கள் மடங்கியபடியே இறுகியிருந்ததால் கொடியை உன்னால் தூக்க முடியவில்லை. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்து நின்றேன்.

"டீச்சர், நீங்க கை வைக்காதீங்க."

வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் நல்லா இருக்காரு. நீங்க கட்டுற கயிற அண்ணி எப்பிடி போட்டுக்கிறது?"

"அப்ப நீங்களே கட்டுங்க," என்று கயிற்றை நீட்டினேன்.

"நீங்க தொட்ட கயிறாச்சே. அதோட இன்னிக்கி வெள்ளிக்கிழமை வேற. வேற ஒரு நாளைக்கி வருவோம்."

நான் அவளைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். என் கணவர் இறந்து பதினாறாம் நாள், என் நெற்றியைத் துடைக்க வந்த பெண்களை மறித்துக்கொண்டு நின்றவள் நீ. "பொட்டுல கைய வச்சா நடக்கிறது வேற," என்றாய். கண்ணாடி முன்னால் என்னை உட்கார்த்தி, புதிதாக ஒரு பொட்டும் வைத்துவிட்டாய். அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும் உன்னை எதிர்த்துப் பேசத் துணிவு வரவில்லை. அந்தக் குரலுக்காகத்தான் ஸ்கேன் அறை வாசலில் காத்துக்கொண்டு நின்றேன்.

நீ தோளை நகர்த்திக்கொண்டாய். கொஞ்சம்தான். என் கை படாத அளவுக்கு.

"இன்னொரு நாளைக்கி வர்றேன்டி," என்றாய். என் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்த இன்னொரு நாள் ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போனது. பிறகு தீபாவளி வந்தது, பிறகு உன் கணவரின் முழங்கால் வலி. மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் கூட்டிவந்தார்கள். உன் நாத்தனாரே ஒரு கயிற்றைக் கட்டினாள், அவளே கொடியைக் கழற்றினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் கணவர் இன்றுவரை சௌக்கியம்.

படத்தை விளக்குப் பலகையில் வைத்து டாக்டர் காட்டியபோது நானும் இருந்தேன். நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் தேன்கூடுபோலத் துளை துளையாக இருந்தது. "இதெல்லாம் இறுகி முடிஞ்ச இடம். இனி இளகாது. முந்தி வந்திருக்கலாமே அம்மா," என்றார். உன் நாத்தனார் தரையைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு பேசுவதற்கு உனக்கு மூச்சு அதிகம் மிஞ்சவில்லை.

உன்னைச் சிவப்புப் பட்டில் கிடத்தியிருந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "பூவும் பொட்டுமா போயிட்டா. குடுத்து வச்சவ." உன் நாத்தனாரும் அதையே சொல்லி அழுதாள். எதைக் கொடுத்து எதை வைத்தாய் என்று கேட்க நினைத்தேன். சாவு வீட்டில் சத்தம் போடும் பழக்கம் எனக்கு இல்லை. சுமங்கலிகள் உனக்கு மஞ்சள் பூச வரிசையில் நின்றார்கள். நான் வெளியே பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். சின்னப் பெண் ஒருத்தி, தமிழ் கொஞ்சம் தடுமாறியது.

"அம்மா, கழுத்துல ஏதாவது இருக்கா?"

"ஒன்றும் இல்லை."

"அப்ப லேசு," என்றாள்.

லேசுதான். படுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்த வளையத்துக்குள் தலை போகுமுன் கேட்டேன். "பொட்டையும் எடுக்க வேண்டுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். "வேணாம் அம்மா. அது ஒண்ணும் செய்யாது. இருக்கட்டும்."

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது இயந்திரம். பிடித்தேன். நீ வைத்துவிட்ட இடத்தில் பொட்டு இருந்தது. உனக்காக நான் கட்டிய கயிறு, எட்ட இருந்த நாற்காலியில், என் பைக்குள் இருந்தது.