மேட்டில் நிறுத்தும் ஜீப்

ஜூலை 9, வியாழன்

டிரைவர் அந்தோணியின் ஜீப்புக்கு இரண்டு மாதத்தில் இரண்டு புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். இரண்டும் படுத்துவிட்டன. இன்று காலை அவன் என் பேட்டரிக் கடையைத் தாண்டி, எதிரே செல்வி புதிதாகத் திறந்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டான். அவள் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தாள். பதினாலு வோல்ட் வர வேண்டும், பன்னிரண்டுதான் வந்தது.

"பேட்டரி மேல தப்பில்லீங்கண்ணா. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தறதில்லீங்க."

"நீங்க நொம்ப கெட்டிக்காரிங்க!" என்றான், எனக்குக் கேட்கும்படி.

வயிறு எரிகிறது. அதே மீட்டர் என்னிடமும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, என் ஜீப்பில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பன்னிரண்டு. மூன்று மாதமாக மேட்டில் நிறுத்தி, உருட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

நாளையும் உருட்டுவேன். அவளிடம் மட்டும் காட்டமாட்டேன்.