ஐந்து ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

ரேஷன் கார்டைத் தேடப் போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து என் ஜாதக நோட்டு கையில் வந்தது. மூலையில் அம்மா தடவிய மஞ்சள் இன்னும் லேசாக மணக்கிறது. முதல் பக்கத்தில் ‘ஜனனம்: காலை 5.50’ என்று ஒரு வரி. அதன் ஓரத்தில், பென்சிலால் நீ போட்ட கேள்விக்குறி. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்கும் நீதான் பொறுப்பு.

செங்கல்பட்டிலிருந்து ஏழு நாற்பது மின்சார ரயில், பெண்கள் பெட்டி, ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நான். ஏழு வருடம் அப்படித்தான் போனோம். பொத்தேரிக்குள் உன் கையிலிருக்கும் வேர்க்கடலை தீர்ந்துவிடும், கூடுவாஞ்சேரியில் கூட்டம் ஏறியதும் உன் வாய் திறந்துவிடும். பாலில் இதைப் போட்டுக் குடித்தால் சர்க்கரை நோய் பறந்துவிடும் என்று யாராவது சொல்ல வேண்டியதுதான் தாமதம், “யாருக்குப் போச்சு? நீங்க பாத்தீங்களா?” என்பாய். சண்டைக்காகக் கேட்கமாட்டாய். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கண்ணை அகல விரித்துக் கேட்பாய். அதனால்தான் யாரும் உன்மேல் கோபப்படவில்லை, இடம் போட்டும் வைத்தார்கள்.

தாம்பரத்தில் காலண்டரும் பஞ்சாங்கமும் அடிக்கிற அச்சகத்தில் உனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. காதில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு. “தப்புன்னு தெரிஞ்சா அடிச்சுத் திருத்திடலாம். தெரியலன்னா ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு எழுதினவருக்கே அனுப்பிடணும். நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது” என்று ஒருநாள் உன் தொழிலை எனக்கு விளக்கினாய். நான் அப்போது காதில் வாங்கவில்லை. சனிக்கிழமைக் கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றியே என் புத்தி சுற்றிக்கொண்டிருந்தது.

அவரை உனக்கு நன்றாகத் தெரியும். அப்பா இல்லாத பிள்ளை, திருநெல்வேலிப் பக்கம். வேலை கிடைத்து, அம்மாவோடு கல்பாக்கத்துக் குடியிருப்பில் இருந்தார். எங்கள் வீட்டில் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். அங்கே அவருடைய தாய்மாமா ஜாதகம் கேட்டார், அனுப்பினோம். பத்தே நாளில் கடிதம் வந்தது. பெண்ணுக்கு ஆயில்யம், மாமியாருக்கு ஆகாது, மன்னிக்கவும். அவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா எங்கம்மாவுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட...” என்று சொல்லி நிறுத்தினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா என்று அவருக்கு ஒருத்திதானே.

அடுத்த நாள் ரயிலில் நான் அழுத அழுகைக்குப் பெட்டியே எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. நீ மட்டும் ஜாதக நோட்டைக் கொண்டுவரச் சொன்னாய். மறுநாள் அதைப் புரட்டிவிட்டு, எப்போதும்போல ஒரு கேள்வி கேட்டாய். “அஞ்சு அம்பதுன்னு யார் பாத்தது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. பத்து மணி வண்டி போனால் சாம்பார் கொதிக்க வேண்டும், நாலு மணி வண்டி போனால் பிள்ளைகள் வர வேண்டும். நான் பிறந்ததும் அந்தக் கணக்கில்தான்.

“வண்டி கூவுச்சு, இவ அழுதா. ரெண்டும் ஒண்ணா” என்றாள் அம்மா. “ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கச்சொல்ல வர்ற வண்டி அது.”

“கடியாரம் பாத்தீங்களாம்மா?”

“வண்டி இருக்கச்சொல்ல கடியாரம் எதுக்குடி?”

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவள் நான், வண்டி தாமதமாக வரும் என்பது எனக்குத் தெரியாதா? தினமும் அதே ஸ்டேஷனில் நின்று கரித்துக்கொட்டுகிறவள்தானே!

நீ விடவில்லை. அச்சகத்துப் பழைய கட்டுகளைக் கிளறி, நான் பிறந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அன்று காலை ஆறு எட்டு வரை ஆயில்யம், அதற்குப் பிறகு மாமியாருக்குக் கெடுதல் இல்லாத மகம். வண்டி பதினெட்டு நிமிடம் தாமதித்திருந்தால் போதும். பிறகு தண்டவாளத்துக்குப் பின்னால் குடியிருந்த, ஓய்வுபெற்ற கேட்மேனைத் தேடிப் பிடித்தோம். பல் இல்லாத வாயால் அந்தத் தாத்தா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

“இன்னாம்மா கேக்கறே? அந்த வண்டி டயத்துக்கு வந்துச்சுன்னா நாங்க தேங்காயே ஒடச்சிருப்போம். அர மணி, முக்கா மணி லேட்டு, அது இஷ்டத்துக்கு வந்துகினு இருந்துது.”

“அன்னிக்கு?” என்று கேட்டாய் நீ.

“அன்னிக்குன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? எம் பொண்டாட்டி பேரே சில நாளு மறந்துபூடுது.”

நான் கேட்டது முதல் பாதியை மட்டும். வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். உடனே ஜோசியரிடம் போகலாம், ஆறு இருபது என்று போட்டுப் புது ஜாதகம் கணிக்கலாம், மகம் என்று அனுப்பலாம். நீ நடுத்தெருவில் நின்றுவிட்டாய்.

“அஞ்சு அம்பதுன்னு சொன்னப்போ யார் பாத்தான்னு கேட்டோம். ஆறு இருபதை யார் பாத்தது?”

“தாத்தா சொன்னாரே!”

“தெரியாதுன்னும் சொன்னாரே. அது உன் காதுல விழல. புடிச்சது மட்டும் விழுது. அந்த மாமாவும் நீயும் ஒண்ணுதான்டி.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மெய்ப்புத் திருத்தம் கேட்கிறது! “நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?” என்று கத்திவிட்டு வந்தேன். நாலு நாள் வேறு பெட்டியில் ஏறினேன். அந்தப் பெட்டியில் ஒருத்தர் உண்டா பேச? ஐந்தாம் நாள் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்து ஐம்பதை நீ அடிக்கவில்லை. ஆறு இருபது என்று எழுதவும் இல்லை. கேள்விக்குறி மட்டும் இருந்தது. எழுதினவருக்கே அனுப்பிடணும் என்று நீ சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

சனிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கல்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அம்மா சொல்லியிருக்க வேண்டும், பின்படியில் நீயும் ஏறினாய். வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாய். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, தினமும் காசியிலிருந்து இந்த மலைக்குக் கழுகு வந்ததாக முன்சீட்டுப் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். “காசியில கிளம்பும்போது யாருங்க பாத்தது?” என்று நீ கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். நான் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டாய். “நீதான் பேசணும்” என்று என்னை உள்ளே தள்ளினாய். அவருடைய அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்து, வண்டி, கேட்மேன், பதினெட்டு நிமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், “ஆயில்யமாவும் இருக்கலாம், மகமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

அவர்கள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. “மாத்தி எழுதிக் கொண்டாந்திருக்கலாமே புள்ள?”

“கொண்டுவரத்தான் இருந்தேன். வெளியில நிக்கிறவ விடல.”

“எனக்குச் சாதகமே கெடையாது பாத்துக்க. கல்யாணத்துக்கு முந்தி எங்கய்யா மாப்பிள சாதகத்துக்குப் பொருந்துத மாதிரி ஒண்ணு எழுதி வாங்கிட்டு வந்தாவ. பத்துப் பொருத்தமும் பொருந்துச்சு. பொருந்தாம என்ன செய்யும்? எங்க வீட்டு மனுசன் நாப்பத்தாறு வயசுல போயிட்டாவ.” கீரைத் தட்டை என் பக்கம் தள்ளினார்கள். “தெரியாதுன்னு சொல்லுத புள்ளைய நான் இப்பத்தான் பாக்கேன். ஆஞ்சு குடு. வெளிய நிக்கவளையும் கூப்பிடு, சாப்பிட்டுப் போங்க. எந்தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் இறங்கினோம். அலையில் நாம் போட்ட ஆட்டத்தை ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாவே வேடிக்கை பார்த்தது. உன் ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோனது. மற்றதைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு பஸ் ஏறினாய். உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அது செருப்புக்காக இல்லை.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, “பாத்தியா, அத்தை கல்லு மாதிரி இருக்காங்க. ஆயில்யமெல்லாம் சும்மா” என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். “நீ ஆயில்யமான்னே தெரியாது. ஒரே ஒரு மாமியாரை வச்சு முடிவும் பண்ணாதடி” என்றாய். அந்த மழைக்காலத்திலேயே அத்தைக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், என் ஆயில்யம்தானோ என்று நான் பயந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. “பயம் வந்தா வரட்டும். அது சொல்றதெல்லாம் நிஜமான்னு மட்டும் கேளு” என்றாய். டாக்டரிடம் கேட்டேன். டைபாய்டு என்றார்.

போன ஆடியில் மதுராந்தகத்திலிருந்து உன் தம்பி போன் பண்ணினான். “அக்கா போயிட்டாங்க” என்றான். என் வாயிலிருந்து தானாக வந்தது: “யார் சொன்னது? நீ பாத்தியா?” அந்த ஒரு முறைதான், யாரும் பார்க்கவில்லை என்ற பதில் வரவேண்டுமென்று வேண்டிக்கொண்டு கேட்டேன். அவன், “பக்கத்துலதான் இருந்தேன்கா. நீங்க அவங்க மாதிரியே கேக்கறீங்க” என்றான். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உன் சாவில் சிரித்ததற்கு நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இதை மட்டும் யார் பார்த்தது என்று கேட்காதே.

பால் வழிந்த அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கருகல் வாசனைக்கு அத்தை எட்டிப் பார்த்தார்கள். எண்பதை நெருங்கியும் காது கூர்மை, நாக்கு அதைவிட. மேடையில் கிடக்கிற நோட்டைப் பார்த்துவிட்டு, வருடத்துக்கு நாலு தடவை கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள்.

“ஏ புள்ள, கடைசியில அந்த வண்டி லேட்டா, இல்லியா?”

“தெரியாது அத்தை” என்றேன், உரக்க, சந்தோஷமாக.