விழா மலருக்கு ஒரு பக்கம்

கும்மிடிப்பூண்டி
4 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய உரிமையாளர் திரு. மோகன்ராஜ் அவர்களுக்கு,

ஜி.எஸ். டைகர்ஸ் அணியின் கேப்டனும் கோல்கீப்பருமான ஸ்டீபன் வணக்கத்துடன் எழுதுவது.

இன்று காலை உங்களைப் பார்க்க இரும்புக் கம்பி மில்லுக்கு வந்தேன். கேட்டில் இருந்த இம்மானுவேல் அண்ணன் உள்ளே விடவில்லை. "இன்னாவா இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டுப் போப்பா. மொதலாளி ரூல். ரோலுல கையி போனவன்கூட எழுதித்தான் குடுத்தான்" என்றார். எந்தக் கையால் எழுதினான் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமை ஆட்டத்தில் இடைவேளை வரை ஒரு கோல் முன்னால் இருந்தோம். இடைவேளையில் உங்கள் மேனேஜர் அருணாச்சலம் உடை மாற்றும் அறைக்குள் வந்து "ஷிப்டு மாத்து" என்றார். என்னையும் சேர்த்து ஐந்து பேரை உட்காரவைத்துவிட்டு வேறு ஐந்து பேரை இறக்கினார். கோச் ஆதிநாராயணன் சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். இப்படித் தோற்பது நான்காவது முறை.

கால்பந்தில் ஷிப்டு கிடையாது சார். எதிரணியில் எவன் எந்தக் காலால் அடிப்பான், எவன் அடிப்பதுபோல ஏமாற்றுவான் என்பதையெல்லாம் கோல்கீப்பர் முதல் பாதியில்தான் தெரிந்துகொள்கிறான். தெரிந்துகொண்டவனை உட்காரவைத்துவிட்டுத் தெரியாதவனை நிற்கவைப்பதை எந்த ஊரிலும் செய்வதில்லை. யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது என்பதைக் கோச்சிடம் விட்டுவிடும்படி அணியின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஸ்டீபன்


குணசுந்தரி ஸ்டீல்ஸ்
சிப்காட், கும்மிடிப்பூண்டி
7 நவம்பர் 2024

அன்பு ஸ்டீபாவுக்கு,

நான் நலம். உன் நலமும் வீட்டில் அம்மா நலமும் அறிய ஆவல். இதை என் கைப்படவே எழுதுகிறேன். டைப் அடித்த கடிதத்தில் பாசம் இருக்காது. எழுதிக் கொடுக்கும் ஒவ்வொருவனுக்கும் நான் கையாலேயே பதில் எழுதுகிறேன் என்பது சிப்காட் முழுக்கத் தெரிந்த விஷயம்.

நாம் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உன் அப்பா எங்கள் கழனியில் உழைத்தவர். அந்த உரிமையில் சொல்கிறேன்: நீ பந்தைப் பார்க்கிறாய், நான் உற்பத்தியைப் பார்க்கிறேன். உலைக்கு முன்னால் ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்த முடியுமா? நாற்பத்தைந்து நிமிடம் ஓடியவன் தேய்ந்த ஆள். தேய்ந்ததை மாற்றுவதுதான் நிர்வாகம். இது கோச்சுக்குப் புரியாது. அவர் சம்பளக்காரர்.

நாம் தோற்பதற்குக் காரணம் உங்கள் உடம்பு. அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறேன். ஆட்டமில்லாத நாட்களில், வாரம் மூன்று நாள், காலை ஷிப்டில் நீங்கள் எல்லோரும் மில்லில் இருப்பீர்கள். நம் டீம் குப்புராஜை இடுக்கி வேலையில் போட்டிருக்கிறேன். ஒரு ரோல் உருளையிலிருந்து வரும் சிவந்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த ரோலில் செருகவேண்டும். கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்யும். வெளிநாட்டுக் கோச்சுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வராது. யாருடைய பெயரையும் வருகைப் பதிவேட்டில் ஏற்றவேண்டாம் என்று அருணாச்சலத்திடம் சொல்லிவிட்டேன். இது பயிற்சிதானே, வேலை இல்லையே.

எந்தக் குறை என்றாலும் தயங்காமல் எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
மோகன்ராஜ்


கும்மிடிப்பூண்டி
26 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு,

தயங்காமல் எழுதச் சொன்னீர்கள்.

குப்புராஜ் இந்த லீக்கின் நல்ல லெஃப்ட் பேக்குகளில் ஒருவன். சனிக்கிழமை அவன் பக்கமாக மட்டும் இரண்டு கோல் வந்தது. ஆட்டம் முடிந்ததும் "இன்னாடா ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டேன். "கம்பி வர்ற ஸ்பீடுக்கு எந்த ஃபார்வர்டும் வர்றதில்ல மச்சான். அது வந்தா ஒதுங்கணும், இல்லாட்டி கால் காலி. இப்போ பந்து வந்தாலும் ஒதுங்கிக்கினு கீறேன்" என்றான். பத்து வருடம் பந்துக்குக் குறுக்கே விழுந்து பழகியவனுக்கு மூன்று வாரத்தில் ஒதுங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கம்பிக் கட்டுகளைத் தூக்கும் வேலை. இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. கோல்கீப்பருக்கு விரல் எதற்கு என்று உங்கள் மேனேஜர் கேட்கக்கூடும்.

அன்று நீங்களும் மைதானத்துக்கு வந்திருந்தீர்கள். கோட்டுக்குப் பக்கத்தில் சோபா போட்டு உட்கார்ந்து, மொபைலில் யாரிடமோ ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆட்டம் உங்களுக்கு எதிரிலேயே நடந்துகொண்டிருந்தது.

இனி என் விஷயம். மலப்புரத்தில் ஒரு கிளப் என்னைக் கேட்கிறது. ஜனவரி 31 மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்யவேண்டும். அதற்கு உங்கள் தடையில்லாச் சான்று தேவை. எனக்கு இருபத்தொன்பது வயது. இனி ஒருவர் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்திட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குப்புராஜை இடுக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஸ்டீபன்


குணசுந்தரி ஸ்டீல்ஸ்
சிப்காட், கும்மிடிப்பூண்டி
30 நவம்பர் 2024

அன்பு ஸ்டீபாவுக்கு,

உன் கடிதம் என்னை வருத்தப்படுத்தியது. ஆனாலும் கோபப்படவில்லை. வீட்டுப் பிள்ளை சிணுங்கினால் யாராவது கோபப்படுவார்களா?

உனக்குப் பூட்ஸ் வாங்கித் தந்தது யார்? டீமுக்கு ஏசி பஸ் விட்டது யார்? பஸ்ஸின் பின்னால் என் படத்துக்குக் கீழே உன் படத்தையும் போடச் சொன்னது யார்? காலனியில் வேறு எவன் படமாவது பஸ்ஸில் போயிருக்கிறதா, சொல்.

குப்புராஜ் ஒதுங்குகிறான் என்றால் அது பயம். பயத்தைப் பழக்கத்தால்தான் போக்க முடியும். அவனுக்கு மட்டும் மூன்று நாளை ஐந்து நாளாக்கியிருக்கிறேன். பொங்கலுக்குள் பார், எப்படி ஆடுகிறான் என்று.

சான்று என் மேசை டிராயரில் இருக்கிறது. கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். ஆனால் போடுவதற்கு எனக்கு மனசு வரவேண்டும். என் மனசு குளிரும்படி நட.

என்றும் உன் நலம் நாடும்,
மோகன்ராஜ்


கும்மிடிப்பூண்டி
13 டிசம்பர் 2024

உரிமையாளர் அவர்களுக்கு,

நேற்று காலை பதினொன்றேகால் மணிக்கு உங்கள் மில்லின் மூன்றாவது ரோலில் கம்பி நழுவியது. குப்புராஜ் ஒதுங்கினான். பின்னால் ஒதுங்க இடம் இல்லை. பழைய கம்பிகளை அங்கேதான் குவித்து வைத்திருக்கிறீர்கள். சிவந்த கம்பி அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே இரண்டு சுற்று சுற்றி இழுத்தது. நான் பதினைந்து அடி தூரத்தில் கட்டு தூக்கிக்கொண்டிருந்தேன்.

அருணாச்சலம் ஓடி வந்தார். வண்டியைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். "மொதல்ல ஜெர்சியப் போடுங்கடா, பூட்ஸ மாட்டுங்கடா" என்றார். கத்திக்கொண்டிருந்தவனுக்கு ஜெர்சி போட்டார்கள். வலது காலில் பூட்ஸ் மாட்டினார்கள். இடது காலில் மாட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் "ஃபுட்பால் ஆடும்போது எப்படிப்பா நெருப்புக் காயம் வரும்?" என்று டாக்டர் கேட்டார். மைதான ஓரத்தில் இருந்த ஜெனரேட்டர் மேல் விழுந்துவிட்டான் என்றார் உங்கள் மேனேஜர். நம் மைதானத்தில் ஜெனரேட்டர் கிடையாது. விளக்கே கிடையாது.

கால் போகவில்லை, ஆனால் இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி இளமதி என்னைப் பார்த்ததும் "அண்ணா, கிரவுண்டுல உழுந்தாருன்னு எழுதி கையெழுத்து கேக்கறாங்க. இன்னா பண்ணட்டும்?" என்றாள். போடாதே என்றேன். மில்லில் நடந்த விபத்து என்று பதிவானால் தொழிலாளர் காப்பீட்டில் அவனுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது வரும். மைதானத்தில் விழுந்தான் என்றால் ஒரு பழக்கூடையோடு முடிந்துபோகும். பழக்கூடை வந்து சேர்ந்துவிட்டது. அதிலும் உங்கள் படம் ஒட்டியிருக்கிறது.

நீங்கள் நேரில் வந்து பாருங்கள்.

ஸ்டீபன்


குணசுந்தரி ஸ்டீல்ஸ்
சிப்காட், கும்மிடிப்பூண்டி
22 ஜனவரி 2025

என் அன்புத் தோழன் ஸ்டீபாவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். வேலை நெருக்கடியில் குப்புராஜைப் பார்க்க வர முடியவில்லை. பயிற்சியில் இப்படி அடிபட்டது துரதிர்ஷ்டம். என் மனசு அவனோடுதான் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. இந்த ஆண்டின் சிறந்த கால்பந்து அணி உரிமையாளர் விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி 2, சென்னையில் விழா. மேடை, சாப்பாடு, கேடயம் எல்லாம் நம் கம்பெனி பொறுப்பு. விழா மலரும் நம்முடையதுதான். அதில் 'நல்ல உரிமையாளர் யார்?' என்ற தலைப்பில் அணியின் கேப்டன் ஒரு பக்கம் எழுதினால் நன்றாக இருக்கும். உனக்குத் தமிழ் நன்றாக வரும். பள்ளியில் என் கட்டுரைகளையும் நீதானே எழுதினாய்.

குப்புராஜ் பயிற்சி மைதானத்தில் விழுந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் நீ அதையும் எழுதவேண்டும். விழுந்த உடனே நான் ஓடி வந்ததையும், ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றதையும் எழுது. அடியில் பெயர், தேதி, கையெழுத்து. வக்கீல் அப்படித்தான் கேட்கிறார்.

கட்டுரையோடு, நான் உனக்கு எழுதிய பழைய கடிதங்களையும் ஒரு கவரில் போட்டு கேட்டில் கொடுத்துவிடு. நினைவுக்காக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கவர் வந்ததும் மலப்புரத்துக்கு மெயில் போகும். 31ஆம் தேதி ஐந்து மணியை மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
மோகன்ராஜ்


கும்மிடிப்பூண்டி
31 ஜனவரி 2025

மோகனுக்கு,

இத்தனை கடிதங்களில் உன்னை 'நீங்கள்' என்று எழுதினேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. சான்று வேண்டும் என்பதற்காக எழுதினேன். இனி வேண்டாம்.

நீ கேட்ட பக்கத்தை மூன்று முறை எழுதினேன். முதல் தடவை நீ சொன்னபடியே எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்தபோது ஜெனரேட்டர்கூட உண்மையாக இருந்தது. மலப்புரத்திலிருந்து தங்குமிடத்தின் படம் அனுப்பியிருந்தார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அன்று மாலை குப்புராஜ் வீட்டுக்குப் போனேன். "ஒனக்கு டிக்கெட்டு எப்போடா?" என்றான். வீட்டுக்கு வந்து கிழித்துப்போட்டேன். இரண்டாவது முழுக்க வசவாக வந்தது, அதையும் கிழித்தேன்.

இது மூன்றாவது. மலரில் போட்டுக்கொள்.

நல்ல உரிமையாளர் யார்? உனக்கு முன்னால் இந்த அணியை வைத்திருந்தவர் பழைய இரும்பு வியாபாரி. ஆஃப்சைடு என்றால் என்ன என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். "பூட்ஸு வாங்கித் தர்றது என் வேல. ஆடுறது ஒங்க வேல. நடுவுல நான் பூந்தா என்னை வெளிய தள்ளுங்கடா" என்பார். ஒருமுறை உள்ளே வந்து கத்தினார். கோச் அவரை வெளியே போகச் சொன்னார். முதலாளி போனார். அவர் காலத்தில்தான் நாங்கள் இந்தப் பிரிவுக்கே ஏறி வந்தோம். அவரும் மகான் இல்லை. எடை போடுவதில் ஏமாற்றுவார், வாய் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் எங்கள் கால்கள் அவருடையவை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

நீ அப்படித்தான் நினைத்தாய். கழனியை வாங்கினால் அதில் நிற்பவனும் சேர்த்துத்தான் என்று உன் வீட்டில் நினைத்தார்கள். நீ டீமையும் அப்படித்தான் வாங்கினாய். உனக்குப் பந்து பிடிக்காது, தோற்றால் வருத்தம் இல்லை, ஜெயித்தால் எதனால் ஜெயித்தோம் என்று தெரியாது. பஸ்ஸின் பின்னால் உன் படம் போகவேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு பஸ் போதும் மோகன், பதினோரு பேர் எதற்கு?

ஆட்டக்காரன் கால் எந்த இடத்தில் உடைந்ததோ அந்த இடத்தின் பெயரைச் சரியாகச் சொல்பவரே நல்ல உரிமையாளர். நான் எழுத இவ்வளவுதான் இருக்கிறது. பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் கீழே போட்டிருக்கிறேன், உன் வக்கீலுக்காக.

நீ கேட்ட பழைய கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். உன் கேட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமை இளமதியோடு பஸ் ஏறித் திருவள்ளூர் போய், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். குப்புராஜை இடுக்கியில் போட்டு, பதிவேட்டில் பெயர் ஏற்றவேண்டாம் என்று சொன்ன கடிதம், மூன்று நாளை ஐந்து நாளாக்கிய கடிதம். எல்லாம் உன் லெட்டர்பேடில், உன் கையெழுத்தில், தேதி போட்டு. இளமதியின் காப்பீட்டு மனுவோடு நகல்கள் இருக்கின்றன. அங்கிருந்த குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "இதெல்லாம் மொதலாளியே எழுதினாராம்மா?" என்று இளமதியைக் கேட்டார். "அவுரு எல்லாத்துக்கும் கைப்பட பதில் எழுதுவாரு சார்" என்றாள்.

உன்னை அவர்கள் ஒன்றும் செய்யாமல் போகலாம். உனக்குத் தெரிந்தவர்கள் அங்கேயும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கேடயம் வாங்கிக்கொள்வாய். ஆனால் குப்புராஜ் ஜெனரேட்டர் மேல் விழுந்தான் என்று இனி உன்னால் எழுத முடியாது.

இப்போது மணி நாலே முக்கால். சான்று உன் டிராயரில் இருக்கிறது. மலப்புரத்துக்காரர்களுக்கு நானே காலையில் போன் செய்து, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வேலை தேடவேண்டும். சிப்காட்டில் உன் மில் ஒன்றுதான் இருக்கிறதா என்ன.

இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால் டைப் அடிக்காதே. கைப்படவே எழுது.

ஸ்டீபன்