சுவரில் வரைந்த கணிச்சம்

09.01.2024
காலைப் பூசை. பஸ் நிறுத்தத்தில் ஊரின் கடல் தொழிலுக்குப் பெருமையாக மீன்காரி சிலை வைக்கிறார்கள். முகம் என் கொழுந்தன் சிஜினின் பெண்டாட்டி பெபிஷாவுடையது. அவள் என்றைக்கு மீன்கூடை சுமந்தாள்? நானும் சுமந்ததில்லைதான். ஆனாலும் இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான்.

10.01.2024
ஜெபமாலையின் பாதியில் அவள் முகம் வந்தது. மறுபடி முதலிலிருந்து.

13.01.2024
கடற்கரைச் சுவரில் படம் வரைகிற ஆன்ஸ்லினுக்குச் சாயா கொண்டுபோனேன். கட்டுமரத்தில் நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரிகிற நம் ஊரை வரைகிறார். "எல்லாம் பெபிஷாட்ட கேட்டுத்தான் வரையேன்" என்றார். அவளுக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரர் கடல் அடையாளங்களைச் சொல்லச் சொல்ல, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தவள் நான். கோயில் கோபுரம் மலைப்பிளவுக்கு நேரே வரவேண்டும், கிழக்கே குருசடிச் சிலுவை தண்ணீர்த் தொட்டியை மறைக்கவேண்டும் என்றேன். அழித்து அப்படியே வரைந்தார். "அக்கா எங்க படிச்சிய இதெல்லாம்?"
வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

26.01.2024
திறப்பு விழா. சிலையோடு நின்று போட்டோ எடுக்கக் கூட்டம். இவர் மட்டும் கடற்கரைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்கு வந்து சொன்னார்: "ஏட்டி, அது கடல்ல எடம் பாக்க அப்பன் தந்த கணிச்சமில்லா. அந்த ரெண்டு அடையாளமும் ஒண்ணா தெரிஞ்சா வள்ளம் நம்ம பாறைக்கு மேல நிக்கும். எவனோ சொல்லியிருக்கான்."
கடலுக்கடியில் கலவா மீன் அடைகிற பாறை. அப்பனும் பிள்ளைகளும் தவிர யாருக்கும் தெரியாதது; என்றைக்கோ என்னை நோட்டில் எழுதச் சொன்னது இவருக்கு நினைவில்லை. நான் படத்துக்குத்தானே சொன்னேன் — ஏன் யோசிக்கவில்லை?
கணக்கு நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

30.01.2024
பாறை மேல் ஆறு வள்ளம் நின்றதாம். இவர் தம்பியிடம், "ஒனக்கும் எனக்கும்தானல தெரியும். ஒம் பெண்டாட்டிதான் அந்த ஆள்கூட எந்நேரமும் நின்னா" என்றார். சிஜின் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு வள்ளத்தை விட்டு இறங்கிவிட்டான்.
எனக்கு ஒரு நிமிடம் இனித்தது. மாதாவே, எழுதக் கை கூசுகிறது.

02.02.2024
பெபிஷா அழுதுகொண்டு வந்தாள். "அக்கா, எனக்கு அந்த எடமே தெரியாது. நீங்களாவது நம்புதியளா?"
"நம்புதேன் மக்கா."
நம்பாமல் என்ன?

03.02.2024
செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வருமுன் திரும்பி வந்து, இவரிடமே சொல்லிவிட்டேன்.
"ஏட்டி, நீயா?"
அவ்வளவுதான். சோறு அப்படியே இருக்கிறது.

06.02.2024
சிஜின் வந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்தில் கிளம்பினார்கள். வேறு பாறை தேடுகிறார்கள் போல. பெபிஷாவிடம் திசையைச் சொன்னார்கள், அவள் தலையாட்டினாள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.
"எங்க போறிய?" என்று இவரிடம் கேட்டேன்.
"கடலுக்கு" என்றார்.