ஒன்பது படமும் அப்பா போட்ட மார்க்கும்

தாராவி

அன்பு மகள் லிசாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நான், அப்பா, தம்பி சாஜன் மூன்று பேரும் சுகம், சென்னையில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். மழை விட்டுவிட்டது, கூரைத் தகரம் மாற்றியாயிற்று, என் கால்வலிக்கு சயான் ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கிறது.

இனி உன் விஷயம். பேங்க் வேலையை விட்டுவிட்டு டைரக்டர் பிரம்மநாயகத்திடம் உதவியாளராகச் சேரட்டுமா என்று நீ கேட்டதற்கு, விசாரிக்காம ஒண்ணும் சொல்ல முடியாது என்றாரே அப்பா, விசாரித்துவிட்டார். உன் அக்கா சுஜாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது காட்கோபரில் அவர்கள் வீட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்து விசாரித்த மனிதர். டைரக்டரை எந்த டீக்கடையில் விசாரிக்க? எடுத்த படம் பூராவும் திரும்பப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்று சாஜனை டிவியில் போடச் சொன்னார். ஒன்பது படம். எல்லாம் நாங்கள் ஏற்கெனவே மாட்டுங்கா தியேட்டரில் பார்த்ததுதான், அப்போது பாட்டுக்காகப் பார்த்தோம், இப்போது பெண் கொடுக்கிற வீட்டார் மாதிரி பார்த்தோம். உப்பளத்துப் படத்துக்கு அப்பா பத்துக்கு எட்டு போட்டார். லாரி டிரைவர் படத்துக்கு நாலு, கியர் மாத்தாமலே மலை ஏறுதானே என்று சிரிப்பு. அக்கா தங்கை படத்துக்கு நான் ஒன்பது என்றேன், அவர் ஆறு என்றார், அதற்கு ஒரு சண்டை. இரட்டை வேடப் படத்தில் சாஜன், பப்பா, பஸ் கரோ, போதும்ப்பா என்று கும்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

கடைசிப் படம் முடிந்ததும் அப்பா மார்க் போடவில்லை. முகமே வாடிவிட்டது. எல்லாப் படத்திலும் வீட்டை விட்டு வெளியே போகிற பெண் ஒருத்தி வருகிறாள், ஒன்று செத்துப்போகிறாள், இல்லையென்றால் கடைசி ரீலில் அழுதுகொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். ஒருத்தியாவது நல்லா இருந்தாளா ஏஞ்சலு, இவன்கிட்டயா நம்ம பிள்ளைய அனுப்புதது என்று கண் கலங்கினார். எனக்கு வந்ததே கோபம். இருபத்திரண்டு வயதில் நாகர்கோவிலிலிருந்து தனியாக ரயிலேறி பம்பாய்க்கு டீச்சர் வேலைக்கு வந்தேனே, செத்தா போனேன், அழுதுகொண்டா திரும்பிப் போனேன், உங்களைக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் எனக்கு நடந்த கஷ்டம் என்றேன். வெளியே போன பெண் எப்படி இருப்பாள் என்று அந்த டைரக்டருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் ஒருத்தி இருந்து சொன்னால்தானே தெரியும், அதற்காகவே லிசா போகட்டும் என்றும் சொன்னேன். அதற்கு அப்பா, டீ போடட்டுமா என்று கேட்டார். தோற்றுப்போனால் அவர் அப்படித்தான் கேட்பார் என்று உனக்குத் தெரியும்.

அதனால் போய்ச் சேர்ந்துகொள் மகளே. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, ஷூட்டிங் முடிய நேரமானால் போன் பண்ணு, ஜெபத்தை விடாதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் கூடவே இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஏஞ்சலம்மாள் ஏசுதாஸ்

அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். கடைசி ரீலில் வந்து வாசலில் நிற்க வேண்டாமாம், கிறிஸ்மஸுக்கு வந்தால் போதுமாம்.