வாலுவின் கால் அளவு

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. இங்கே இருவரும் சுகம். மாமாவுக்கு முட்டி வலி, எனக்கு மாமாவின் புலம்பல்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் நாத்தனாரின் மூத்தவளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஒட்டிய பட்டியலில் நான்காவது பெயர் அவளுடையது. அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்து கோப்பை வாங்கினான். "ஓடினது எத்தனை பேர்?" என்று மாமா கேட்டார். அவரை அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். உன் பெண், நம் வாலு, ஒன்றாம் வகுப்பிலேயே பெரிய பெண்களோடு மேடையேறிப் பாடினாளாமே. ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். எதிர்வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு தடவை சொல்வதாக இருக்கிறேன்.

நானும் ஒரு படிப்பு படிக்கிறேன். தோல் தைக்கப் பழகுகிறேன். மூத்த பேத்தி போனில் ஒரு வீடியோ வைத்துக் கொடுத்தாள். அதில் ஒருவர் தைத்துக் காட்டுகிறார். பேசுவது எந்த மொழியோ, நான் கையை மட்டும் பார்க்கிறேன். முதலில் மாமாவுக்கு ஒரு கண்ணாடிக் கூடு தைத்தேன். துணி தைத்த பழக்கத்தில் குண்டூசி குத்தி மடித்துவிட்டேன். துணியில் ஊசியை எடுத்தால் தடம் மறைந்துவிடும், தோலில் ஓட்டை அப்படியே நிற்கிறது. "கூட்டுக்கு அம்மை போட்டிருக்கு" என்கிறார். ஆனாலும் சட்டைப் பையில் அதைத்தான் வைத்துக்கொண்டு திரிகிறார்.

என் பிள்ளை கண்டக்டர் வேலைக்குத் தோளில் மாட்டிப்போன பை என்னிடம்தானே இருக்கிறது. அவன் கண்ணை மூடி இரண்டு வருடம், அது அலமாரியிலேயே தொங்குகிறது. மூடி மட்டும் இன்னும் நல்ல தோல். அதில் வாலுவுக்கு ஒரு ஜோடி ஷூ தைக்கப் போகிறேன். அவள் காலைக் காகிதத்தின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. அவளைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. அவனுடைய மிச்சம் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான், அம்மாடி.

உன்னோடு வேலை பார்க்கிறவர் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டாரே, யோசித்தாயா? முப்பது வயதில் நீ ஒற்றையாக நிற்கக் கூடாது. நான் சொன்னது சொன்னதுதான்.

உன் அத்தை

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

கால் அளவு இந்த உறைக்குள் இருக்கிறது. பென்சில் பட்டதும் "கூசுது, கூசுது" என்று நெளிந்தாள். அதனால் வலது சுண்டுவிரல் பக்கம் கோடு ஓடிவிட்டது. "பாட்டி என் காலைத் தபால்ல கேட்டாங்களா? அப்ப நான் எப்படி நடப்பேன்?" என்று கேட்கிறாள்.

யோசித்தேன் அத்தை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பதிவுத் திருமணம். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்காது. பெற்ற அம்மாவே சொல்லத் தயங்கினாள். அவர் வாலுவிடம் பிரியமாக இருக்கிறார். மாமாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 28

அம்மாடி,

நூறு வருடம் நன்றாக இருங்கள். மாமாவிடம் சொன்னேன். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு "நல்லவனா?" என்றார். "நல்லவன்தான்" என்றேன். "சரி, டீ போடு" என்றார்.

ஷூ முடிந்துவிட்டது. வீடியோக்காரர் அளவுக் காகிதத்தை வெட்டித் தோலின்மேல் வைத்துக் கோடு போடுகிறார். பிள்ளையின் பாதத்தில் கத்தரியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, பார்த்துப் பார்த்துத் தோலில் வரைந்தேன். குத்தூசியால் ஓட்டை போட்டு, இரண்டு ஊசி கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துத் தைத்து முடித்தபிறகுதான் அளந்தேன். இரண்டு விரற்கடை கூடுதல். பிரித்துச் சின்னதாக்கலாம் என்றால் நடுவில் விழுந்த பழைய ஓட்டையெல்லாம் இளிக்கும். புதிதாக வெட்ட மூடியில் வேறு தோலும் இல்லை. "அந்தக் காகிதம் என்ன சாமி படமா? கூறுகெட்டவளே" என்று மாமா திட்டினார். போகட்டும், பிள்ளை வளரத்தானே போகிறாள். தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

விடுமுறைக்கு வாலுவைப் பத்து நாள் இங்கே விடு. நீ அலைய வேண்டாம். நானே வந்து கூட்டிப்போய், நானே கொண்டுவந்து விடுகிறேன்.

உன் அத்தை

மே 17

அத்தைக்கு,

பார்சல் வந்து பத்து நாள் ஆகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு காலுறை போட்டும் குதிகால் கழன்று கழன்று வந்தது. ஆனாலும் கழற்ற மாட்டேன் என்று மூன்று நாள் வீடெல்லாம் இழுத்துக்கொண்டு நடந்தாள். எதில் செய்தது என்று கேட்டாள். எனக்கு மறைக்கத் தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது அவரிடம் காலை நீட்டி, "இது எங்க அப்பாவோட பை. அப்பா வந்து கேட்டா நீங்க குடுத்துடணும்" என்றாள். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

கெட்டவர் இல்லை அத்தை. அந்த வாரம்தான் வாலு அவரை முதல் தடவை அப்பா என்று கூப்பிட்டிருந்தாள். "ஒரு ரெண்டு வருஷம் போகட்டும். அவளுக்கு என்மேல ஒட்டுதல் வர்ற வரைக்கும் அங்க போக்குவரத்து வேண்டாம், பார்சலும் வேண்டாம்" என்கிறார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

"பெருசா இருக்கு, அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லி ஷூவைப் பரண்மேல் வைத்துவிட்டேன். அளவு சரியாக இருந்திருந்தால் என்ன சொல்லிக் கழற்றியிருப்பேனோ தெரியவில்லை.

இனிமேல் உங்களை அத்தை என்று எழுதலாமா?

வாலுவின் அம்மா

ஜூன் 2

அம்மாடி,

எழுதலாம். வேறு எப்படி எழுதுவாய், பக்கத்து வீட்டம்மா என்றா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான், ஒவ்வொரு வார்த்தையும் நின்று நின்றுதான் உள்ளே போகும். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தோலை நான் வேண்டுமென்று அனுப்பவில்லை என்று அவரிடம் சொல். இல்லை, பொய் எதற்கு? வேண்டுமென்றுதான் அனுப்பினேன். அவள் தன் அப்பனை மறந்துவிடக் கூடாது என்றுதான் தைத்தேன். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்ததும் நிஜம். இரண்டும் ஒரே மனதில்தான் இருந்தது.

விடுமுறையில் வாலுவுக்குப் பாட்டு வகுப்பு என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். "இந்த வயசுல என்ன கச்சேரி" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவளுக்காக விரித்துப் போட்டிருந்த கட்டிலை மடக்கிச் சுவரோடு சாய்த்தார். அவர் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அவள் என்னைக் கேட்டால், பாட்டிக்கு வேலை என்று சொல். கேட்காவிட்டால் நீயாக ஞாபகப்படுத்தாதே. இரண்டு வருடம் என்று அவர் சொன்னதை நான் விரல்விட்டு எண்ண மாட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது, எண்ணினால் சரிவராது.

இதற்குப் பதில் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் செய். புதிதாக ஒரு போட்டோ எடுத்து வெறும் உறையில் போட்டு அனுப்பு. அவளைத் தனியாக நிறுத்தாதே. நடுவில் அவள், ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவர். அவர் கை அவள் தோளில் இருக்கட்டும். நான் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்கிறேன்.

உன் அத்தை