அட்டென்டன்ஸில் ஏஞ்சல் இல்லை

16 ஜூன் 2025, திங்கள்

இந்நேரத்துக்கு எழுத உட்காருவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் – யாரிடம்? என்னிடமேதான். காலையில் எழ முடியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழப்போவது நான்தானே. மகள் ஏஞ்சல் தூங்கிய பிறகுதான் இந்த நோட்டு கைக்கு வருகிறது.

ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங். கரஸ்பாண்டென்ட் பால்ராஜ் சார் புது மேடத்தை அறிமுகம் செய்தார். பெயர் புவனேஸ்வரி. திருச்சியில் பெரிய ஸ்கூலில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவராம். பாடம், பரீட்சை, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எல்லாம் இனி அவர் பொறுப்பு.

"தகரக் கொட்டகையில ஆரம்பிச்சோம். இப்ப எட்டாவது வரைக்கும் வந்தாச்சு. இனிமே என் கைக்கு அடங்காதுங்க" என்று சார் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. கைக்குட்டையை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவருக்கும் படபடப்போ?

போன வருஷம் யூகேஜியில் மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள். இப்போது ஒன்றாம் வகுப்பே ஏ, பி என்று இரண்டு. பழைய மிஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஏஞ்சலுக்கு எல்லா மிஸ்ஸும் புதுசு.

20 ஜூன், வெள்ளி

ஸ்கூல் டைரியில் மேடத்தின் கையெழுத்து. குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல்.

"ஞானசெல்வி பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. நான்கு நாட்களாகக் கவனிக்கிறேன். காது பரிசோதனை செய்து ரிப்போர்ட் கொண்டுவரவும். அதுவரை யூகேஜியில் இருக்கட்டும்."

ஏஞ்சலுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஞானசெல்வி. ரிஜிஸ்டரில் அதுதான். நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கண் 'காது' என்ற இடத்தில் போய் நின்றது.

22 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். திரும்பினாள். டிவி ஓடும்போது மூன்று தடவை ஏஞ்சல், ஏஞ்சல் என்றேன். திரும்பவில்லை. டிவி பார்க்கிற எந்தப் பிள்ளை திரும்பும்? இல்லை, உண்மையிலேயே கேட்கவில்லையா?

ஏஞ்சல் அப்பா, "நீ கூப்பிட்டா நாந்தான் திரும்புறதில்ல. எனக்கும் சேத்து டெஸ்ட் எடுத்துரு" என்றார். சிரிப்பு வரவில்லை. இவள் வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாசம் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அதனாலா? நான் ஏதாவது மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டேனா?

23 ஜூன், திங்கள்

யூகேஜியில் உட்கார வைத்துவிட்டார்கள். "மேசை முட்டியில இடிக்குதும்மா. நான் தப்பு பண்ணேனா?" என்றாள்.

26 ஜூன், வியாழன்

கீரனூரிலிருந்து ஒன்பது மணி பஸ். திருச்சியில் காது டாக்டர். வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து நர்ஸ், "ஞானசெல்வி, ஞானசெல்வி" என்று கூப்பிட்டார். ஏஞ்சல் அசையவே இல்லை. அப்புறம் என் சேலையை இழுத்து மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, அப்பத்தாவக் கூப்பிடுறாங்க. அப்பத்தாதான் வரலையே."

ஸ்கூலிலும் இதேதானா என்று கேட்டேன். "ஆமா. மேம் டெய்லி அப்பத்தாவக் கேப்பாங்க. அது ஸ்கூலுக்கு வராதுல்ல, அதான் நான் ஒண்ணும் சொல்லல."

டெஸ்டும் எடுத்தோம். காதில் ஒரு குறையும் இல்லை. குறை என் வாயில். மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்தோம். மருமகள் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, அதைச் சொல்லித் திட்டவே கூடாது என்று பிறந்த அன்றே ஏஞ்சல் ஆக்கினோம். ஐந்தரை வயது. பழைய மிஸ்ஸும் ஏஞ்சல் என்றே கூப்பிட்டார். அவள் பெயர் என்னவென்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. பி.எஸ்சி. படித்தவள் நான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

28 ஜூன், சனி

கூப்பிட்டுப் பழக்கலாம் என்றால் 'ஞா'வோடு நின்றுவிடுகிறது. எழுத வருகிறது. சொல்லத்தான் – கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எம் பேரச் சொன்னா நாக்கு என்ன அழுகியா போயிரும்? பச்சப் புள்ளய குட்டிக் கிளாஸுல ஒக்கார வச்சிட்டு மரியாதை பாக்குறியாக்கும். கூப்பிடுத்தா."

"நீங்க கொஞ்சம் அங்கிட்டு போங்க அத்தை. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நான் ஏன் போவணும்? எம் பேரு."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஏஞ்சல் அப்பத்தாவைப் பார்த்தாள். அவர் கீரைக்காம்பால் அவளைக் காட்டினார். "ஒன்னத்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"நான் பழசு. நீ புதுசு."

அப்புறம் சாயந்திரம் வரை அட்டென்டன்ஸ் விளையாட்டு. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

30 ஜூன், திங்கள்

மேடத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட்டை வாங்கியவர் பிரிக்கவே இல்லை. "வீட்ல என்னன்னு கூப்பிடுறீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். புது எடம், தப்பா எதுவும் ஆயிறக் கூடாதுன்னே இருந்துட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. இனி ஏஞ்சல் என்றே கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். ஞானசெல்வின்னே கூப்பிடுங்க." பொது இடத்தில், சத்தமாக. நான்தான் சொன்னேனா?

அவரே ஏஞ்சலின் கையைப் பிடித்து ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார்.

17 ஜூலை, வியாழன்

மேடம் மறுபடி டைரியில் எழுதியிருந்தார்: "வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டாலும் ஞானசெல்வியே 'ப்ரெசென்ட் மேம்' என்கிறாள். கண்டிக்கவும்."

நான் எழுதி அனுப்பும் பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மேடத்துக்கு வணக்கம். கண்டித்துவிட்டேன். பெயர் சொல்லித்தான் கண்டித்தேன். பெரிய ஞானசெல்வியும் பக்கத்தில்தான் இருந்தார். இவள் எல்லோருக்கும் 'ப்ரெசென்ட்' சொல்லவில்லையாம், அன்புமொழிக்கு மட்டும்தானாம். அவள் மூன்று நாளாக வரவில்லை. கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் அவளையும் யூகேஜிக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று இவள் பயந்திருக்கிறாள். அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நான் சொன்னால் நம்பவில்லை, நீங்கள் எழுத வேண்டுமாம். அன்புமொழிக்கு உடம்புக்கு என்னவென்றும் கேட்கச் சொன்னாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."